"கூட்டவா, கழிக்கவா டீச்சர்?" - வாழ்க்கைக் கணக்கு பற்றிய கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளின் வாழ்க்கைக் கணக்கு, அதாவது கதை மாதிரி வரிகளில் எழுதிக் கொடுக்கிற கணக்கு பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கிலீஷ் மீடியம் வீடுகளில் இதையே ஸ்டேட்மெண்ட் சம் என்பார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா): கூட்டல், கழித்தல் தனியாகக் கொடுத்தால் டக்கென்று போட்டுவிடுகிறான் டீச்சர். அதையே நாலு வரியில் எழுதிக் கொடுத்தால், "கூட்டவா, கழிக்கவா? அதை மட்டும் சொல்லுங்க" என்று நிற்கிறான். சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. கணக்கே அந்த இடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் கைவேலை. அதை நீங்கள் சொல்லிவிட்டால், கணக்குப் போட்டது நீங்கள்; எழுதினது மட்டும்தான் அவன்.

இப்படிச் செய்து பாருங்கள். கணக்கில் உள்ள எண்களை விரலால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் வாசியுங்கள். "செல்வி சந்தையில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் வாங்கினாள். வருகிற வழியில் ஆச்சிக்குக் கொஞ்சம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தாள்." இப்போது கேளுங்கள்: என்ன நடந்தது? வாங்கினபோது பையில் நிறைய இருந்ததா, வீட்டுக்கு வந்தபோதா? நமக்கு எது தெரியவில்லை? அவன் வாயால் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். மறுபடி வாசியுங்கள், அவனே பிடித்துக்கொள்வான்.

அதற்கப்புறம்தான் விரலை எடுக்க வேண்டும். வாங்கியது 45, கொடுத்தது 18. கதை மனசில் ஓடிவிட்ட பிள்ளை அநேகமாகக் கூட்டவா என்று கேட்காது. அப்படியும் 63 என்று எழுதினால் ஒரே கேள்வி போதும்: "ஆச்சிக்குக் கொடுத்த பிறகு பழம் கூடிப்போச்சா?" சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு 27 என்று எழுதுவான்.

கேள்வி (மேலப்பாளையம்): டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம், சேர்ந்து, அதிகம் என்று வந்தால் கூட்டு. மீதி, குறைவு, கொடுத்தான் என்று வந்தால் கழி. ஒன்று, இரண்டாம் வகுப்பில் நன்றாகத்தான் போனது. நாலாம் வகுப்பில் பாதிக் கணக்கு தப்பாகிறது. ஏன்?

பதில்: சின்ன வகுப்புக் கணக்குகள் பெரும்பாலும் கதை நடந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கும். அதனால் பட்டியல் பலித்துவிடும். பிள்ளையும் கணக்கை வாசிப்பதை விட்டுவிட்டு, இரண்டு எண்ணையும் ஒரு சொல்லையும் தேடிப் பழகிவிடுகிறது. நாலாம் வகுப்பில் கதையைத் தலைகீழாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அங்கே மாட்டிக்கொள்கிறது.

"முத்துவிடம் 18 கோலி இருக்கிறது. அது இசக்கியிடம் இருப்பதைவிட 5 அதிகம். இசக்கியிடம் எத்தனை?" பட்டியலைப் பார்த்தவன் 23 என்பான். யாரிடம் கூட இருக்கிறது என்று முதலில் கேட்டவன் 13 என்பான். அதேபோல, "கோமதி தம்பிக்கு 7 நெல்லிக்காய் கொடுத்தாள். மீதி 15. முதலில் அவளிடம் இருந்தது எத்தனை?" இதில் 'கொடுத்தாள்' இருக்கிறது, 'மீதி'யும் இருக்கிறது. ஆனால் கூட்டினால்தான் 22 வரும்.

மழைக்காலத்தில் பேப்பரில் அணை நிலவரம் போடுவார்களே, அதை வெட்டி வையுங்கள். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசம் எத்தனை அடி அதிகம்? பட்டியல்படி கூட்டினால் 261 அடி! அந்த அணையை எங்கே போய்க் கட்ட? 25 என்று பிள்ளை சொன்னால், "இன்னைக்குப் பாபநாசத்துல தண்ணீர் 98 அடி நிக்குது, நிறைய இன்னும் எத்தனை அடி வேணும்?" என்று அடுத்ததைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் தினம் ஒரு புதுக் கணக்கு கிடைக்கும், காசு செலவில்லை.

கேள்வி (முக்கூடல்): நான் அஞ்சாவதோடு நின்றவள் டீச்சர். வீட்டில் பீடி சுற்றுகிறேன். மகள் நாலாவது படிக்கிறாள். எனக்கே தெரியாத கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுக்க?

பதில்: தாயி, 25 பீடி ஒரு கட்டு என்று கட்டுகிறீர்கள். ஆயிரத்துக்கு எத்தனை கட்டு என்று யாராவது கேட்டால் பேப்பர் தேடுவீர்களா? 40 என்று வாயில் வரும். அது நாலாம் வகுப்பு வகுத்தல். 600 முடிந்திருந்தால் 24 கட்டு, இன்னும் 16 கட்டு வேண்டும் என்பது இரண்டு படிக் கணக்கு. கடையில் கொடுத்த இலை பத்தாமல் போனால் எத்தனை பீடி குறையும் என்றுகூட உங்களுக்குக் கணக்குத் தெரியும்.

இதைத்தான் மகளிடம் கேட்க வேண்டும், அதுவும் எண்ணை மாற்றி மாற்றி. அவள் சொன்ன விடையை நோட்டில் எப்படி எழுதுவாள் என்று அவளே காட்டட்டும். உங்களுக்கு எழுத்துமுறை தெரியாவிட்டாலும் விடை சரியா, தப்பா என்பது தெரியும். அது போதும். அடுத்த நாள் அவளை ஒரு கணக்கு உண்டாக்கச் சொல்லுங்கள், நீங்கள் போடுங்கள். கணக்கு உண்டாக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைப் போடுவது பெரிய விஷயமில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கணக்கைத்தான் கேளுங்கள், பீடித் தட்டை அவள் மடியில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): ஒரு பேனா 480 ரூபாய் என்று விடை எழுதிவிட்டுக் கூச்சமே இல்லாமல் நோட்டை மூடுகிறாள். யோசிக்கவே மாட்டாளா?

பதில்: இது உலகம் முழுக்க உள்ள வியாதி. 1970களின் கடைசியில் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள்: "ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவருக்கு வயது என்ன?" 97 பேரில் 76 பேர் அந்த இரண்டு எண்ணையும் வைத்து ஏதோ ஒரு விடை சொன்னார்கள். 26-ம் 10-ம் 36, அந்த வயது பொருந்தவும் செய்கிறதே! கணக்கென்றால் விடை வந்தாக வேண்டும் என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

வாரத்தில் ஒருநாள் பொய்க்கணக்கு விளையாடுங்கள். மூன்று நல்ல கணக்குக்கு நடுவில் ஒரு பொய்க்கணக்கைச் சொருகுங்கள். "டவுனுக்கு ஒரு பஸ்ஸில் 32 பேர் போனார்கள், ஜங்ஷனில் 9 பேர் இறங்கினார்கள், டிரைவர் பெயர் என்ன?" பிள்ளை கண்டுபிடித்தால் அதற்கு ஒரு மிட்டாய். பஸ் டிரைவரைக் கேட்டுப் பழகிய பிள்ளை பேனாவின் விலையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

கேள்வி (வண்ணார்பேட்டை): மகன் இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் வகுப்பு. ஸ்டேட்மெண்ட் சம் வாசிக்கவே திணறுகிறான். வீட்டிலும் இங்கிலீஷில் பேச வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் நோய் எது என்று பாருங்கள். அதே கணக்கை வீட்டுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். போட்டுவிட்டால் அவனுக்குக் கணக்கு வருகிறது, இங்கிலீஷ் வாசிப்புத்தான் வரவில்லை. கணக்கு டியூஷனுக்குக் கட்டுகிற காசு மிச்சம். தமிழிலும் முழித்தால் மேலே சொன்ன எலுமிச்சம்பழக் கதையிலிருந்து தொடங்குங்கள். ஈச், லெஃப்ட், மோர் தேன் (each, left, more than) மாதிரிச் சொற்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தட்டில் முறுக்கை வைத்து, ஆளுக்கு மூன்று கொடுத்துக் காட்டி, "ஈச்" என்றால் இதுதான் என்று சொல்லுங்கள்.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): 'மடங்கு' என்று வந்தாலே குழம்புகிறாள். படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம். ஆனால் அழகான படம் வேண்டாம், கட்டம் போதும். சிங்கப்பூர் பள்ளிகளில் 1980களில் கொண்டுவந்த முறை இது. உங்கள் ஊர் அப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். "அத்தையிடம் உள்ள அப்பளம் அம்மாவிடம் உள்ளதைப் போல 3 மடங்கு. இரண்டு பேரிடமும் சேர்த்து 48. அம்மாவிடம் எத்தனை?" 3 என்று பார்த்ததும் 48-ஐ மூன்றால் வகுத்து 16 என்பாள். அம்மாவுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள், அதற்குக் கீழே அத்தைக்கு அதே அளவில் மூன்று கட்டம். மொத்தம் எத்தனை கட்டம்? நாலு. 48-ஐ நாலு கட்டத்தில் சமமாகப் போட்டால் ஒன்றுக்கு 12. அம்மாவிடம் 12, அத்தையிடம் 36. கட்டம் சமமாக இல்லாவிட்டால் மட்டும் திருத்துங்கள், மற்றபடி கோடு கோணலாக இருந்தால் போகட்டும்.

கேள்வி (சுத்தமல்லி): அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டம் என்று ஆட்டமும் பாட்டுமாக இருக்கிறது. கணக்கு வருமா?

பதில்: வரும். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது, அடுத்த வருடம் நாலு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். நோட்டு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட அது பயன்படும்.

கேள்வி (வீரவநல்லூர், ஒரு தாத்தா): அந்தக் காலத்தில் மாகாணி (பதினாறில் ஒன்று), அரைக்கால் (எட்டில் ஒன்று) வாய்ப்பாடுவரை ஒப்பித்தோம். இப்போது பதினாறாம் வாய்ப்பாடுகூட வரவில்லையே அம்மா?

பதில்: வாய்ப்பாடு வேண்டும் ஐயா, அதில் சந்தேகமில்லை. எட்டேழு என்னவென்று தேடுகிற பிள்ளைக்குக் கதை பாதியில் மறந்துபோகும். ஆனால் வாய்ப்பாடு தெரிந்தால் மட்டும் வாழ்க்கைக் கணக்கு வராது. பேரனுக்கு வாய்ப்பாட்டை நுங்கு வெட்டும்போது கேளுங்கள். ஒரு காயில் மூன்று கண், எட்டுக் காய்க்கு எத்தனை?

கேள்வி (களக்காடு): வகுத்தலில் மீதி வந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பதில்: கேள்வி என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது. 53 பிள்ளைகள் திருச்செந்தூர் போகிறார்கள், ஒரு வேனில் 12 பேர். வகுத்தால் 4, மீதி 5. நாலு வேன் என்று எழுதினால் ஐந்து பேர் ரோட்டில் நிற்பார்கள். ஐந்து வேன் வேண்டும். அதே 53 லட்டை, பெட்டிக்கு 12 வீதம் அடுக்கினால் நிறைந்த பெட்டி நாலுதான். மீதி எத்தனை லட்டு என்று கேட்டால் விடை 5. எண் மூன்றிலும் ஒன்றுதான், விடை வேறு வேறு. இந்த மூன்றையும் ஒரே நாளில் போடவையுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): என் வீட்டுக்காரர் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சத்தம், அப்புறம் அடி. என்ன செய்ய?

பதில்: கொஞ்ச நாளைக்கு அவரை ஆசிரியர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு மாணவராக்குங்கள். பிள்ளை டீச்சர். அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பின்னக் கணக்கைக் காட்டி, "ஏன் இப்படிப் போட்டீங்க, விளக்குங்க" என்று அவரைக் கேட்கட்டும். அவர் தடுமாறினால் யாரும் கையை ஓங்க வேண்டாம்.