சிகாகோ சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

மே மாதம் பிறந்தால் போதும், சிகாகோ பற்றிய கேள்விகள் வரிசை கட்டும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர், டெக்சாஸ், நியூஜெர்சி பக்கமிருந்து லாங் வீக்கெண்டுக்குக் கிளம்பும் குடும்பங்கள், ஆபீஸ் வேலையாக வந்து ஒரு சனிக்கிழமை மிச்சம் பிடிப்பவர்கள் என்று எல்லோரும் கேட்டதை இந்தத் தடவை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறும், அதனால் அதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, கையில் ஒரே ஒரு பகல்தான். காலையில் டல்லஸிலிருந்து இறங்கி ராத்திரி திரும்புகிறேன். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஓ'ஹேர் விமான நிலையத்தில் இறங்கினால் ப்ளூ லைன் ரயில், மிட்வே விமான நிலையத்தில் இறங்கினால் ஆரஞ்சு லைன் ரயில். இரண்டுமே நேராக டவுன்டவுன் போகும். ஓ'ஹேரிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம், டேப் செய்கிற வங்கி அட்டை இருந்தால் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போகலாம். காரில் போனால் கென்னடி எக்ஸ்பிரஸ்வே நெரிசலிலேயே பாதிக் காலை போய்விடும்.

ஒரு நாளில் ஒன்றுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால், அது ஆற்றுப் படகுக்காக இருக்கட்டும். இங்கே நிறைய கம்பெனிகள் படகு விடுகின்றன. சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டரின் ஒன்றரை மணி நேரப் படகைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். மைக் பிடித்துப் பேசுகிறவர் பயிற்சி பெற்ற தன்னார்வலர். ஜோக் குறைவு, விஷயம் அதிகம். 1871 தீவிபத்தில் ஊரின் நடுப்பகுதி சாம்பலாகி, அதன் பிறகு எழுந்த கட்டடங்கள் எப்படி வானத்தைப் பார்த்து வளர்ந்தன என்ற கதை உங்கள் இரண்டு பக்கமும் நிற்கும். மரினா சிட்டி என்று சோளக்கதிர் மாதிரி இரட்டைக் கோபுரம் வரும். அதன் கீழ் 19 மாடியும் கார் நிறுத்துமிடம். தடுப்புச் சுவர் இடுப்பளவுகூட இருக்காது, கார்களின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். படகில் இருக்கிற அத்தனை பேரும் போனைத் தூக்குகிற இடம் அதுதான்.

இந்த ஆறே எதிர்த்திசையில் ஓடுகிற ஆறு. முன்பு மிச்சிகன் ஏரிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. ஊர்ச் சாக்கடை ஆற்றில், ஆறு ஏரியில், குடிக்கிற தண்ணீரும் அதே ஏரியிலிருந்து என்றால் என்ன ஆகும்? அதனால் கால்வாய் வெட்டி, 1900-ல் ஆற்றைத் திருப்பி மிசிசிப்பி பக்கம் ஓடவிட்டார்கள்.

படகு முடிந்ததும் நடந்தே மில்லேனியம் பார்க் போய்விடலாம். பளபள 'பீன்' அங்கேதான். மும்பையில் பிறந்த அனீஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டிய இடமே தெரியாமல் இழைத்திருக்கிறார்கள். எதிரே நின்று செல்ஃபி எடுத்ததோடு திரும்பிவிடாமல், அதன் அடியில் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரே ஆள் ஏழெட்டுத் துண்டாகத் தெரிவீர்கள்.

கேள்வி: வில்லிஸ் டவரா, ஹான்காக்கா? நான் சிவில் இன்ஜினியர், ஏதாவது ஒன்றில்தான் ஏறுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

காட்சிக்காக என்றால் ஹான்காக். 94-ஆவது மாடி. ஏரிக்கரை வடக்கே வளைந்து போவது முழுதாகத் தெரியும், பெரும்பாலும் வரிசையும் குறைவு. வில்லிஸில் 103-ஆவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று காலுக்குக் கீழே தெருவைப் பார்க்கலாம். கோடைச் சனிக்கிழமையில் அந்தப் பெட்டிக்குள் சில நொடி நிற்பதற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.

ஆனால் நீங்கள் சிவில் ஆள். வில்லிஸை வெளியிலிருந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் கான்தான் இந்த இரண்டுக்குமே கட்டமைப்புப் பொறியாளர். வில்லிஸ் என்பது ஒரே கோபுரம் இல்லை. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. 50-ஆவது மாடியில் இரண்டு நின்றுவிடும், 66-ல் இன்னும் இரண்டு, 90-ல் மூன்று. மிச்சம் இரண்டுதான் உச்சிக்குப் போகும். ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் காற்றைச் சமாளிக்க நடுவில் பெரிய தூண்காடு தேவைப்படவில்லை. ஹான்காக்கில் அதே வேலையை வெளிமுகத்தில் தெரிகிற பெருக்கல் குறிச் சட்டங்கள் செய்கின்றன. 1998-ல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வரும்வரை வில்லிஸ்தான் உலகத்திலேயே உயரம். இங்கே பழைய ஆட்கள் இன்னும் 'சியர்ஸ் டவர்' என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். ஜாக்சனும் ஃபிராங்க்ளினும் சந்திக்கும் முனையில் ஃபஸ்லுர் கான் பெயரில் தெருப் பலகை இருக்கிறது. அதற்குக் காசு இல்லை!

கேள்வி: அம்மா அப்பா கும்பகோணத்திலிருந்து முதல் தடவை வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. கோயில் தவிர வேறு என்ன காட்டலாம்?

முதலில் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். மிச்சிகன் அவென்யூவில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் கட்டடம். 1893 செப்டம்பர் 11-ம் தேதி விவேகானந்தர் சர்வமத சபையில் பேசியது இங்கேதான். அவரை அனுப்பிவைத்ததில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி உதவினார், சென்னையில் அளசிங்கப் பெருமாளும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். அவர் பேசிய மண்டபம் அதே வடிவத்தில் இப்போது இல்லை. ஆனால் வாசல் பக்கத் தெருவுக்கு அவர் பெயரைக் கௌரவமாக வைத்திருக்கிறார்கள், பழுப்பு நிறப் பலகை. அப்பாவை அதற்குக் கீழே நிறுத்திப் படம் எடுங்கள், ஊருக்குப் போனதும் முதலில் காட்டுவது அதைத்தான்.

உள்ளே வீல்சேர் கேட்டால் தருவார்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முழு மியூசியத்தையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஆசியப் பிரிவில் தென்னிந்தியச் சிற்பங்கள், பிறகு மாடியில் பிரெஞ்சு ஓவியர் சூரா புள்ளிப் புள்ளியாக வரைந்த பெரிய ஓவியம், அப்புறம் காபி. போதும்.

இன்னொரு அரை நாள் வில்மெட்டில் இருக்கிற பஹாய் ஆலயம். ஒன்பது பக்கம், ஒன்பது வாசல், மேலே மாடம். கல்லைக் கடைந்தது போலத் தெரியும், கிட்டே போனால் கான்கிரீட். கட்டணம் கிடையாது, உள்ளே நல்ல அமைதி. கார் இருந்தால் அப்படியே ஏரிக்கரை ரோட்டில் மெதுவாக வாருங்கள். எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும். மெரினாவில் நிற்கிற மாதிரியே இருக்கும், உப்பு வாசனை மட்டும் இல்லை. அம்மா குனிந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் வர மாட்டார்கள்.

கோயில் என்றால் லெமான்ட் ராமர் கோயிலும் ஆரோரா பாலாஜி கோயிலும். இரண்டுமே புறநகர்தான், கார் இல்லாமல் கஷ்டம். லெமான்டில் விவேகானந்தர் சிலையும் உண்டு. வார இறுதியில் போனால் கேண்டீனில் இட்லி, தோசை கிடைக்கும்.

கேள்வி: நாலு வயசு, ஒன்பது வயசு இரண்டு வாண்டுகள். மியூசியம் எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடியாது. முயற்சி செய்தால் நாலு மணிக்கு நீங்கள் அழுவீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று.

ஒன்பது வயசுக்கு டைனோசர் பைத்தியம் என்றால் ஃபீல்டு மியூசியம். 'சூ' என்ற டி-ரெக்ஸ் எலும்புக்கூடு அங்கே, நாற்பதடி நீளம். கிட்டத்தட்ட முழு எலும்பும் கிடைத்த அபூர்வம். இயந்திரம் பிடிக்கும் என்றால் ஹைட் பார்க்கில் இருக்கிற அறிவியல் தொழில்துறை மியூசியம். 1944-ல் நடுக்கடலில் பிடித்த யு-505 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே போய் வரத் தனி டிக்கெட், முன்னாலேயே போட்டுவிடுங்கள். நாலு வயசுக்கு இது எதுவும் வேண்டாம். லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை வருடம் முழுக்க இலவசம், சின்னதாக இருப்பதால் கால் வலிக்காது.

கோடை என்றால் மில்லேனியம் பார்க்கில் கிரவுன் ஃபவுன்டன். ஐம்பதடி உயரக் கண்ணாடிக் கோபுரம் இரண்டு, அதில் சிகாகோ ஜனங்களின் முகம் மாறி மாறி வரும். கண் சிமிட்டும், சிரிக்கும், கடைசியில் உதட்டைக் குவித்துத் தண்ணீரைத் துப்பும். அதற்காகவே கீழே ஒரு கூட்டம் கத்திக்கொண்டு காத்திருக்கும். மாற்று உடுப்பும் துண்டும் எடுத்துப் போங்கள், 'காலை மட்டும் நனைக்கிறேன்' என்று சொல்கிற பிள்ளையை நம்பாதீர்கள்.

கேள்வி: நேவி பியர் போகணுமா?

புதன், சனி ராத்திரி கோடையில் வாணவேடிக்கை உண்டு, அதற்குப் போகலாம். பகலில் ராட்டினமும் கடைகளும்தான். இதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சிகாகோ பீட்சா சாப்பிடலாமா? இல்லை, புளிசாதம் கட்டிக்கொண்டு வரட்டுமா?

டீப் டிஷ், அதாவது சிகாகோவின் தடிமனான பீட்சா, தாராளமாகச் சாப்பிடலாம். கீரை போட்டது எல்லாக் கடையிலும் உண்டு. இங்கே அடுக்கு தலைகீழ். அடியில் சீஸ், மேலேதான் தக்காளி சாஸ். வேக முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் உட்கார்ந்தவுடன் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். சில கடைகளில் வெளியே காத்திருக்கும்போதே ஆர்டர் வாங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் இறங்காது, பெரிதாகச் சொல்லி ஏமாறாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் வாரக் கடைசியில் வாங்குவது மெல்லிய, சதுரம் சதுரமாக வெட்டிய பீட்சா. எனக்கும் அதுதான் பிடிக்கும்.

புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தால் தப்பில்லை. நாக்கு செத்துவிட்டால் டெவான் அவென்யூ போங்கள். அமெரிக்கா முழுக்கப் பரவிய பட்டேல் பிரதர்ஸ் கடை 1974-ல் அங்கேதான் தொடங்கியது. புடவைக் கடை, மிட்டாய்க் கடை, தோசைக் கடை எல்லாம் ஒரே தெருவில். வார இறுதியில் பார்க்கிங் கிடைப்பது மட்டும் உங்கள் பாக்கியம்.

கேள்வி: ஜனவரியில் ட்ரெய்னிங்குக்கு வருகிறேன் அக்கா. கோயம்புத்தூர்க்காரன். தாங்குமா?

தாங்கும் தம்பி. 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் வரை போனது. அது அபூர்வம், ஆனால் மைனஸ் பத்து சாதாரணம். ஊரிலிருந்து ஜெர்கின் வாங்கி வராதே, இங்கே வந்து வாங்கு. உள்ளே தெர்மல், மேலே காற்றுப் புகாத கோட், காதை மூடும் குல்லா, பனியில் வழுக்காத பூட்ஸ். ரயில் நடைமேடையில் கூரையடியில் ஹீட்டர் விளக்கு இருக்கும். தூணில் ஒரு பட்டன், அதை அமுக்கினால் தலைக்கு மேலே சிவப்பாக எரியும். கூட்டம் ஏன் ஒரே இடத்தில் ஒட்டி நிற்கிறது என்று முதல் நாளே புரிந்துவிடும்.

பார்க்க: கல்ச்சுரல் சென்டர். 1897-ல் நூலகமாகக் கட்டியது, இலவசம். மாடியில் டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது, வெளியே சாம்பல் வானமாக இருந்தாலும் உள்ளே மின்னும். ஊர் ஏக்கம் வந்தால் கார்ஃபீல்டு பார்க் கன்சர்வேட்டரி. கண்ணாடிக் கூரைக்குள் பனைவகை மரங்களும் பெரணியும், கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாம். க்ரீன் லைனில் வாசலிலேயே இறங்கலாம். முன்பதிவு கேட்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

கேள்வி: தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவன். மே தினம் பிறந்த இடம் சிகாகோ என்று மேடையில் பேசியிருக்கிறேன். அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது ஐயா. இந்தக் கேள்வியை வருடத்துக்கு ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசை.

டெஸ்பிளேன்ஸ் தெருவில், லேக் தெருவுக்கும் ரேண்டால்ஃப் தெருவுக்கும் நடுவில் ஹேமார்க்கெட் நினைவுச் சின்னம். க்ளின்டன் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிட நடை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-ல் வேலைநிறுத்தம். மே 3-ல் மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. மறுநாள் இரவு அதைக் கண்டித்து இந்த இடத்தில் கூட்டம். ஒரு வண்டிதான் மேடை. கூட்டம் கலைகிற நேரத்தில் யாரோ குண்டு வீசினார்கள், யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். 2004-ல் வைத்த சிற்பம் அந்த வண்டியையும் அதன்மேல் நின்று பேசுகிறவர்களையும்தான் காட்டுகிறது. பீடத்தில் பல நாட்டுச் சங்கங்கள் பதித்த தகடுகள் இருக்கும், நின்று படியுங்கள். சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள், லன்சுக்குப் போகிறவர்கள் பாட்டுக்குக் கடந்து போவார்கள்.

தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறை ஃபாரஸ்ட் பார்க்கில், ப்ளூ லைனின் கடைசி ஸ்டேஷன். விழுந்து கிடக்கும் தொழிலாளிக்கு முன்னால் ஒரு பெண் காவலாக நிற்கும் வெண்கலச் சிலை, 1893-ல் வைத்தது. 1923 மே தினத்தில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றியதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், நான் உங்களை இங்கே கூட்டிப்போகிறேன்.

கேள்வி: இயற்பியல் மாணவி. சந்திரசேகர் வேலை செய்த இடத்தைப் பார்க்க முடியுமா?

சிகாகோ பல்கலைக்கழகம், ஹைட் பார்க். வளாகத்துக்குள் யாரும் நடக்கலாம். சென்னை பிரசிடென்சியில் படித்து, 1983-ல் நோபல் வாங்கியவர் இங்கேதான் பல பத்தாண்டுகள் இருந்தார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜனும் இதே பல்கலைக்கழகத்தில்தான். பக்கத்திலேயே நீளமாகக் கிடக்கும் மிட்வே புல்வெளியில் (விமான நிலையம் இல்லை) 1893 உலகக் கண்காட்சிக்காக ஃபெரிஸ் என்ற பொறியாளர் தன் முதல் ராட்சத ராட்டினத்தைச் சுழற்றினார். இன்று அங்கே அந்த ராட்டினம் இல்லை. அறிவியல் மியூசியத்தோடு சேர்த்துப் போனால் ஒரே நாளில் முடியும்.

கேள்வி: பாதுகாப்பு எப்படி? டிவியில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நீங்கள் போகிற இடங்கள் பகலில் ஜனம் நிறைந்தவை. ராத்திரி ரயிலில் ஓட்டுநர் இருக்கிற முதல் பெட்டியில் ஏறுங்கள், கதவோரம் போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். காரில் வந்தால் சீட்டில் பை தெரியக் கூடாது, காலிப் பையாக இருந்தாலும். பார்க்கிங் கட்டணம் வயிற்றைக் கலக்கும், ஆப்பில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

கேள்வி: மூன்றாவது நாள் மிச்சம் இருக்கிறது. ஊருக்கு வெளியே எங்கேயாவது?

கோடை என்றால் இண்டியானா டூன்ஸ் தேசியப் பூங்கா. மணல்மேடு ஏறி ஏரியில் இறங்கலாம், சவுத் ஷோர் ரயிலும் போகிறது. ஜூன் மாதத் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும், ஆகஸ்ட் என்றால் நன்றாகக் குளிக்கலாம். மற்ற மாதங்களில் மில்வாக்கி, ஆம்ட்ராக்கில் ஒன்றரை மணி நேரம்.