மாரி மழைக்குள்ள கிக்கருக்கு மசியாத பழைய மோட்டார் சைக்கிள்: கேள்வி பதில்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். மழை தொடங்கின நாள்ல இருந்து ஒரே கேள்விதான் வந்து கொண்டிரிக்கி, பைக் ஒரு கிழமை ஓடாம நிண்டா புறகு ஸ்டார்ட் ஆகுதில்ல எண்டு. இண்டைக்கு ஓய்வு நாள், வெளியால ஊத்துற மழைக்கு எங்கயும் போகவும் ஏலா, அதால குந்தி இருந்து ஒண்டொண்டா பதில் எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம். வெளிநாட்டுக்காரர் போடுற வீடியோவப் பாத்துட்டு கனபேர் ஒயில் இறுகிட்டு, குளிருக்கு எஞ்சின் விறைச்சிட்டு எண்டு எழுதுறீங்க. நம்மட மட்டக்களப்புல மார்கழி விடியப்புறத்துலயும் 22, 23 பாகைக்கு கீழ போறது குறைவு. அந்தக் குளிருக்கு எந்த எஞ்சினும் அடம்பிடிக்காது. நம்மட பைக்குகளுக்கு பகை மூண்டு: ஈரம், உப்புக்காத்து, ஓடாம நிக்கிற நாள். இத மனசுல வெச்சிட்டு வாசிங்க.

காத்தான்குடியில இருந்து ஒரு தம்பி: காக்கா, எங்கட வாப்பா ஓடின ஹொண்டா சி 70, 6 வோல்ட் பழசு. ஒரு கிழமை மழைக்குள்ள நிண்டா இருபது முப்பது கிக் அடிக்கணும். ஸ்டார்ட் ஆகிட்டா அண்டைக்கு முழுக்க ஒரு பிரச்சினையும் இல்ல, ஒரே கிக்தான். பிளக் ரெண்டு மாத்திட்டன்.

பதில்: ஸ்டார்ட் ஆன புறகு ஒரு குறையும் இல்ல எண்டுறீங்களே தம்பி, அதுலயே பாதி விடை இரிக்கி. கம்ப்ரஷன் செத்த எஞ்சின் நாள் முழுக்க ஒரே கிக்குல வராது. ஈரம் பிடிச்ச கரண்ட்தான் உங்கட பிரச்சினை. முதல்ல பிளக்கை கழட்டி, தொப்பியில பூட்டி, பிளக்கிட இரும்ப ஹெட்டில அழுத்திப் பிடிச்சு கிக் அடிச்சுப் பாருங்க. பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல வெச்சுப் பிடிக்க வேணாம், உள்ளுக்க இருந்து வாற பெற்றோல் ஆவி பத்திரும். நீலமா "டிக்" எண்டு சத்தத்தோட பாய்ஞ்சா நல்லம். மஞ்சளா, மெலிசா, விட்டு விட்டு வந்தா பொயின்ட (கரண்ட விட்டு விட்டுத் தொடுப்பிக்கிற ரெண்டு சின்ன உலோக முகம்) பாருங்க.

சி 70ல பொயின்ட் மெக்னட் சில்லுக்குப் பின்னால இரிக்கி. இடப்பக்க மூடியக் கழட்டினா சில்லில ஒரு சன்னல் தெரியும், அதுக்குள்ளால டோர்ச் அடிச்சு பாக்கணும். மாரியில நிண்ட பைக்கில அந்த ரெண்டு முகமும் சாம்பல் படிஞ்ச மாதிரி மங்கிக் கிடக்கும், சிலதுல ஓரத்தில பச்சைப் பூஞ்சணம் போல ஒண்டு. அவ்வளவு மெல்லிசுப் படைக்கே கரண்ட் தடக்குப்படும். பழைய தபாலட்டை மாதிரி தடிச்ச வெள்ளைக் கடதாசித் துண்டில கொஞ்சம் பெற்றோல் தொட்டு ரெண்டு முகத்துக்கும் நடுவுல விட்டு இழுங்க, கருப்பா வரும். கருப்பு வராம வாற வரைக்கும் இழுத்துட்டு கடைசியா காஞ்ச கடதாசியால ஒருக்கா இழுங்க. குழி விழுந்திருந்தா மட்டும் மெல்லிய வோட்டர் பேப்பர். இடைவெளி 0.3க்கும் 0.4 மில்லிமீற்றருக்கும் நடுவுல நிக்கணும், பிளக்குக்கு 0.6 இலிருந்து 0.7.

இன்னொண்டு, பிளக் மாத்தின நீங்க பிளக் தொப்பிய மாத்தினீங்களா? தொப்பிக்குள்ள ஈரம் நிண்டா புதுப் பிளக்கும் ஒண்டுதான் பழசும் ஒண்டுதான். வயரில நுனியில இருந்து ஒரு அஞ்சு மில்லிமீற்றர் வெட்டிட்டு புதுக் கம்பியில தொப்பிய திருகிப் பூட்டுங்க.

வாழைச்சேனையில இருந்து: அண்ணன், கடலுக்குக் கிட்ட வீடு. எல்லாம் துப்பரவாக்கி பொயின்ட் எல்லாம் செஞ்சாச்சு, ரெண்டு கிழமையால திரும்ப அதே கதை.

பதில்: எர்த் வயர். கொயில் (பிளக்குக்கு கரண்ட கூட்டிக் குடுக்கிற சாமான்) ஃபிரேமில பூட்டுற இடம், எஞ்சின் ஃபிரேமோட சேருற இடம், பெட்டறிட எர்த், எல்லாத்தையும் கழட்டி இரும்பு மினுங்கிற மட்டும் சுரண்டிட்டு பூட்டி, பூட்டின புறகு மேலால கிறீஸ் தடவுங்க. கிறீஸ் உப்பத் தடுக்கும். ஆனா பெயின்ற்க்கு மேல நட் இறுக்கி வெச்சிருந்தா கிறீஸ் பூசியும் வேலையில்ல. பைக்க பிளாஸ்டிக் தறப்பாளால இறுக்கி மூடாதீங்க, அது தரையில இருந்து வாற ஈரத்த உள்ளுக்க பிடிச்சு வெச்சிரும். பழைய பெட்சீட்டால மூடி, மேல கூரையிருந்தா காணும்.

கொக்கட்டிச்சோலையில இருந்து ஒரு விவசாயி: தம்பி, வயலுக்குப் போற வழியில வெள்ளம், முழங்கால் மட்டுக்கு தண்ணி, அதுக்குள்ளால ஓட்டினன். நடுவுல நிண்டுட்டு. வீட்ட தள்ளி வந்து ரெண்டு நாள் வெச்சு கிக் அடிக்கன், ஒண்டும் இல்ல.

பதில்: ஐயா, தயவு செஞ்சு இனிக் கிக் அடிக்க வேணாம். படுவான்கரைப் பக்கம் மகா போகத்துக்கு வயலுக்குப் போற எல்லாருக்கும் இத சொல்லுங்க. தண்ணி காத்துப் பெட்டிக்குள்ளால சிலிண்டருக்குள்ள போயிருந்தா, அத பிஸ்டனால அமுக்க ஏலா, பலமா அடிச்சா கனெக்டிங் ரொட் வளைஞ்சிரும். பிளக்கை கழட்டுங்க, ஓட்டைய துணியால மெல்ல மூடிட்டு கிக்கர கையால அமுக்கிப் பாருங்க, தண்ணி இருந்தா பீச்சிக்கொண்டு வரும். புறகு ஒயில் குச்சிய இழுத்துப் பாருங்க. ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில கிடந்தா முழுக்க இறக்கி புது ஒயில் விட்டு, கொஞ்சம் ஓட்டிட்டு அதையும் இறக்கி இன்னொருக்கா மாத்துங்க. செலவுதான், ஆனா கிராங்க் பெயறிங் மாத்துறதோட பாத்தா சின்னச் செலவு. காத்து ஃபில்டர கழட்டி காய வைங்க, பிறேக் டிரமையும் ஒருக்கா திறந்து பாருங்க.

புறகு கபரேட்டர். அடியில இரிக்கிற திருகக் கழட்டி கண்ணாடிப் போத்தலுக்குள்ள பெற்றோல இறக்கி ஒரு பத்து நிமிசம் அசையாம வைங்க. தண்ணி பெற்றோலோட கலக்காது, பாரம் கூட, அடியில போய் உருண்டையா, கண்ணாடி மணி மாதிரி நிக்கும். போத்தல சரிச்சா அந்த மணி தனிய உருளும். ஒரு மணி கண்டாலே டாங்கியையும் இறக்கணும் எண்டு அர்த்தம்.

அக்கரைப்பற்றில இருந்து: நானா, யமஹா ஆர்எக்ஸ் 100. பத்து நாள் நிண்டா பிளக் நனைஞ்சு நனைஞ்சு வருது. பெற்றோல் மணம் கூட.

பதில்: நிப்பாட்டும்போது பெற்றோல் டெப்ப மூடுறீங்களா தம்பி? மூடினாலும் பழைய டெப்பிட ரப்பர் காஞ்சு போய் கசியும். அதோட கபரேட்டர் மிதவை ஊசியும் தேஞ்சிருந்தா பத்து நாளைக்குள்ள பெற்றோல் சொட்டுச் சொட்டா கிராங்க் கேசுக்குள்ள இறங்கி நிக்கும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக்குல அது நேரா பிளக்குக்குத்தான் வரும். இப்போதைக்கு டெப்ப மூடி, சோக் இல்லாம, எக்சிலேட்டர முழுசாத் திறந்து பிளக் இல்லாம பத்துப் பன்ரெண்டு கிக் அடிங்க, உள்ள கிடக்கிறது வெளியால போகும். காஞ்ச பிளக்கப் பூட்டி பாதி திறந்து அடிச்சா வரும். அது அண்டைக்கு வீட்ட போறதுக்குத்தான். நிரந்தரமா எண்டா டெப் ரப்பரும் ஊசியும் புதுசா போடணும்.

டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கிறாக்கள் கிராங்க் சீலையும் (கிராங்க் தண்டிட ரெண்டு பக்கமும் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) மறக்காதீங்க. ஓடாம நிண்ட பைக்கில ரப்பர் உதடு காஞ்சு வெடிச்சிரும். மெக்னட் பக்கம் போனா காத்து இழுத்து, ஸ்டார்ட் ஆகி சும்மாவே இரைஞ்சுகொண்டு நிக்கும், ஐட்லிங் பிடிக்காது. கிளச் பக்கம் போனா கியர் ஒயில இழுத்து வெள்ளைப் புகையா தள்ளும், கியர் ஒயிலும் குறைஞ்சு கொண்டே வரும்.

ஃபோர் ஸ்ட்ரோக்காரருக்கும் இதுல ஒரு சொல். டெப் கசிஞ்சா பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள்ள போய்ச் சேரும். குச்சிய மணந்து பாருங்க. பெற்றோல் மணத்தா அந்த ஒயிலோட ஒரு கிலோமீற்றர் கூட ஓட வேணாம்.

கல்முனையில இருந்து: அண்ணே, நான் தினமும் காலம்பற அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நிப்பாட்டுறன், அது நல்லந்தானே?

பதில்: இல்ல. இதத்தான் நான் ஆகக்கூடுதலா எதிர்க்கிற. எஞ்சின் எரியும்போது தண்ணி ஆவியும் வருது. அஞ்சு நிமிசத்துல எஞ்சினும் சைலன்சரும் அந்த ஆவிய வெளியால தள்ளுற அளவுக்கு சுடாது, உள்ளுக்கயே தண்ணியா இறங்கும். சைலன்சர் உள்ளால துரு தின்னும், ஒயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படியும். பெட்டறியும் அந்த நேரத்துல நிறையாது. மழை விட்ட ஒரு நாள் பாத்து களுவாஞ்சிகுடி மட்டும் போய்க் கிறுகி வாங்க, அதுக்குப் புறகு ரெண்டு கிழமை சும்மா நிக்கட்டும். அது மேல்.

ஏறாவூரில இருந்து: ஹொண்டா சிடி 125, ரெட்டைச் சிலிண்டர். ஒரு பக்கம் பிளக் கரிப்பிடிச்சு, மத்தப் பக்கம் நல்லம். ஆனா ரெண்டு பக்கமும் எரியுதில்ல சில நேரம்.

பதில்: இந்த வகை ரெட்டைச் சிலிண்டர் அனேகமானதுல ஒரே கொயில்ல இருந்து ரெண்டு வயர் போகுது. கரண்ட் ஒரு பிளக்கால இறங்கி ஹெட்டுக்குள்ளால போய் மத்தப் பிளக்கால திரும்பி வாற மாதிரித்தான் சுத்து. அதால ஒரு பக்க வயர் விட்டுப் போனா மத்தப் பக்கமும் சேந்து பலவீனமாகும். பிளக் ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே நம்பரில மாத்துங்க, தொப்பி ரெண்டையும் மாத்துங்க. அதோட இது பெட்டறியில வேலை செய்ற இக்னிஷன். பெட்டறி இறங்கினா ஹோர்ன் மெதுவா கத்தும், ஆனா ஸ்பார்க் வராது. சாவி போட்டதும் நியூட்ரல் பல்ப் மங்கலா எரிஞ்சா கிக் அடிச்சு காலை நோகவைக்காம முதல் பெட்டறிய சார்ஜில போடுங்க.

சம்மாந்துறையில இருந்து: ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: டூ ஸ்ட்ரோக்குக்கு வேணவே வேணாம். பெற்றோலோட வாற ஒயில்தான் அதிட உயிர், ஸ்ப்ரேயில ஒயில் இல்ல, அது சிலிண்டர் சுவர கழுவிரும். ஃபோர் ஸ்ட்ரோக்குல நோய் பாக்கிறதுக்கு மட்டும் ஒருக்கா அடிக்கலாம்: ஸ்ப்ரேக்கு வெடிச்சு பெற்றோலுக்கு வெடிக்காட்டி குற்றம் கபரேட்டரில.

அம்பாறையில இருந்து: அண்ணன், என்ட மூத்தப்பாட பிஎஸ்ஏ எம் 20. ஸ்டார்ட் பண்ண போன கிழமை கால்ல உதைச்சு குதிக்கால் வீங்கிட்டு.

பதில்: எம் 20 இண்டைக்கும் நம்மட பக்கம் ஒண்டு மூச்சு விடுது எண்டு கேக்கவே சந்தோசமா இரிக்கி. இரண்டாம் உலகப் போரில பிரித்தானிய இராணுவத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல செஞ்சு குடுத்த 496 சிசி சைட் வால்வ். உதைச்சதுக்கு காரணம் டைமிங் லீவர், ஸ்பார்க் வாற நேரத்த முன்ன பின்ன மாத்துறது. ஸ்டார்ட்டுக்கு முதல் அத பின்னுக்கு, ரிட்டார்டுக்கு கொண்டு போகணும், இல்லாட்டி பிஸ்டன் மேல வர முதல் வெடிச்சு கிக்கர திருப்பி அடிக்கும். முறை இதுதான்: டெப் திற, கபரேட்டரில இரிக்கிற குமிழ பெற்றோல் ஈரம் தெரியும் மட்டும் அமுக்கு, கிக்கர மெல்ல அமுக்கி கம்ப்ரஷன் கனக்கிற இடத்தப் பிடி, வால்வ் தூக்கி லீவர இழுத்து அந்த இடத்த கொஞ்சம் தாண்டு, லீவர விட்டு, கிக்கர திரும்ப மேல வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே தள்ளு. குத்தக் கூடாது, உடம்புப் பாரத்தால தள்ளணும்.

கன நாள் நிண்டா ஒயில் டாங்கியில உள்ள ஒயில், பம்புக்குள்ளால கிராங்க் கேசுக்கு இறங்கி நிக்கும். கிக்கர் கல்லு மாதிரிக் கனத்தா அதுதான். அடியில உள்ள பிளக்க கழட்டி இறக்குங்க. மெக்னட்டோ பொயின்ட் இடைவெளி 12 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில 12 பங்கு). எஞ்சின் ஆறின நேரத்தில ஸ்டார்ட் ஆகி சூடானா செத்துப் போகுதெண்டா மெக்னட்டோ கொண்டென்சர், அத கழட்டி தெரிஞ்ச ஆளிட்ட குடுங்க, நீங்களே நோண்ட வேணாம்.

திருக்கோவிலில இருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, அப்பா தவறி மூண்டு வருசம். அவர்ட ஹொண்டா சி 50 அப்படியே விறாந்தையில நிக்கிது. தம்பி வெளிநாட்டில இருந்து தைப்பொங்கலுக்கு வாறான், அவன் வர முதல் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிரணும் எண்டு ஆசை. கராச்சுக்கு குடுத்தன், நாலு நாள் வெச்சிருந்து, எஞ்சின் முடிஞ்சிட்டு எண்டு திருப்பித் தந்துட்டாங்க.

பதில்: தங்கச்சி, மூண்டு வருசம் நிண்ட சி 50 முடிஞ்சிருக்க வாய்ப்புக் குறைவு. முதல்ல கிக் அடிக்க வேணாம். பிளக்க கழட்டி அந்த ஓட்டைக்குள்ள ஒரு கரண்டி எஞ்சின் ஒயில விட்டு ஒரு ராவு விடுங்க. மறுநாள் மேல் கியரில போட்டு பின் சில்ல கையால உருட்டுங்க, பிஸ்டன் இறுகியிருந்தாலும் மெல்ல இளகும். புறகு பழைய ஒயில இறக்கி புதுசு விடுங்க.

டாங்கியில கிடக்கிற பெற்றோல் இனி பெற்றோல் இல்ல, வார்னிஷ். மணந்தா புளிச்ச மணம் அடிக்கும். அத இறக்கி, உள்ளுக்க துரு இருந்தா வெள்ளை வினாகிரிய நிறைச்சு ஒரு நாள் வெச்சு, அப்பச்சோடா கரைச்ச தண்ணியால கழுவி, உடனே வெயில்ல காய வைங்க. வினாகிரி விட்ட இரும்பு கெதியா திரும்பத் துருப்பிடிக்கும், அதால காஞ்சதும் பெற்றோல் விட்டுருங்க.

கபரேட்டருக்குள்ள பைலட் ஜெட் எண்டு சின்னப் பித்தளைத் துண்டு ஒண்டு இரிக்கி. வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, தலைமயிர் தடிப்புக்கு ஒரு புள்ளி வெளிச்சம் தெரியணும். தெரியாட்டி அதுதான் மூண்டு வருசத்து அடைப்பு. ஊசி, இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருத்துரும். ராவைக்கு தின்னரில ஊறப் போட்டு, பழைய வயருக்குள்ள இரிக்கிற செப்பு இழை ஒண்ட மட்டும் எடுத்து மெல்ல விட்டு எடுங்க. வால்வ் இடைவெளி 0.05 மில்லிமீற்றர், எஞ்சின் ஆறின நேரத்தில பாக்கச் சொல்லுங்க. வால்வ் இறுகி இருந்தா கம்ப்ரஷன் கசிஞ்சு, கராச்காரர் எஞ்சின் முடிஞ்சிட்டு எண்டு நினைக்கிறதும் நடக்கும்.

பொங்கலுக்கு நாள் இரிக்கி. பிளக்க கழட்டினதும் அதிட நுனிய கிட்ட வெச்சு ஒரு படம் எடுத்துப் போடுங்க தங்கச்சி, நிறத்தப் பாத்துட்டு அடுத்தது என்ன எண்டு சொல்றன்.