மெலிந்த வயிறும் பருத்த வயிறும்: முதல் துளை எங்கே, எப்படி?

சாவகச்சேரி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பித்தப்பைக் கல், நிறை 94 கிலோ. தங்கைக்குச் சூலகக் கட்டி, நிறை 40 கிலோ. இருவருக்கும் லப்ரஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும்) சத்திரசிகிச்சை செய்யும்படி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். "மெலிஞ்ச பிள்ளைக்குப் பயமில்லை, உனக்குத்தான் பயம்" என்று வீட்டார் சொல்வது சரியா, பட்டினி கிடந்தாவது நிறையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

வீட்டார் சொல்வது பாதிதான் சரி. மயக்க மருந்து, மூச்சு, காலில் இரத்தம் உறைதல், காயத்தில் கிருமித் தொற்று ஆகியவற்றில் கூடிய நிறை கவலைக்குரியதே. ஆனால் வயிற்றுக்குள் முதற் கருவியை இறக்கும் கணத்தில், பெரிய இரத்தக் குழாய்களைப் பொறுத்தவரை, தங்கைக்குத்தான் இடைவெளி குறைவு.

வயிற்றுச் சுவர் மிக மெல்லியதாக இருக்கும் இடம் தொப்புள் என்பதாலேயே பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குகிறார்கள். பெருநாடி, அதாவது இதயத்திலிருந்து வரும் மிகப் பெரிய இரத்தக் குழாய், இரண்டாகப் பிரிவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நான்காவதான நாரி முள்ளென்பின் மட்டத்தில். மெலிந்தவர் மல்லாந்து படுத்திருக்கையில் தொப்புள் ஏறத்தாழ அதற்கு நேர் மேலே நிற்கும், தோலுக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே சிலரில் ஓரிரு அங்குலமே இருக்கும். ஆகவே சுவரைத் தூக்கிப் பிடித்து, வயிற்றை உப்பச்செய்ய வாயு ஏற்றும் ஊசியை 45 பாகை அளவில் இடுப்புக்குழியை நோக்கிச் சரித்து இறக்குவார்கள். நிறை கூடும்போது தொப்புள் கீழே இறங்குகிறது. உடற்திணிவுச் சுட்டி (உயரத்தோடு ஒப்பிட்ட நிறையின் அளவு, BMI) 30ஐத் தாண்டியவர்களில் தொப்புள், பெருநாடி பிரியும் இடத்துக்குச் சராசரியாக 3 சென்டிமீற்றர் அளவு கீழே இருக்கும். சுவரும் தடித்துவிடுவதால் சரித்துக் குத்தினால் பாதை நீளும்: 6 சென்டிமீற்றர் தடிப்புள்ள சுவரை 45 பாகையில் கடக்க எட்டரை சென்டிமீற்றர் வேண்டும். ஊசி கொழுப்புக்குள்ளேயே நின்று, ஏற்றும் காபனீரொட்சைட்டு வாயுவும் அங்கேயே நிரம்பிவிடலாம். அதனால் பருத்தவருக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இறக்குகிறார்கள்.

ஊசி சரியான இடத்தில் இருந்தால் தொடக்க அழுத்தம் 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் குறைவாகவே காட்டும். பிறகு 20 முதல் 25 வரை வாயுவை ஏற்றி, சுவர் நன்றாக உயர்ந்த பின் கமராவும் கருவிகளும் செல்லும் முதற்குழாயைச் செலுத்தி, அதன்பின் 12 முதல் 15க்கு இறக்குவது பலரும் கைக்கொள்ளும் முறை. இந்தக் கட்டம் முழுவதும் மேசை மட்டமாக இருக்க வேண்டும். தலையை முன்கூட்டியே தாழ்த்தினால் இரத்தக் குழாய்கள் ஊசியின் வழிக்கு வந்துவிடும். மிக மெலிந்தவருக்கும் மிகப் பருத்தவருக்கும், சிறு வெட்டால் சுவரைத் திறந்து கண்ணால் பார்த்து நுழையும் முறையோ, இடது விலாவிளிம்புக்கு 3 சென்டிமீற்றர் கீழே நுழையும் முறையோ பொருத்தமாகலாம். விலாவின் கீழ் நுழைவதாயின் முதலில் இரைப்பையைக் குழாய் விட்டு வெறுமையாக்குவார்கள்.

தராசு சொல்லும் எண் மட்டும் போதாது. ஒரே நிறையுள்ள இருவரில் ஒருவருக்குக் கொழுப்பு தோலுக்கடியில் இருக்கும், மற்றவருக்குக் குடலைச் சுற்றி உள்ளே இருக்கும். நம்மவருக்குக் குறைந்த நிறையிலேயே உள்ளே சேர்வது வழக்கம் என்பதால்தான் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டியில் 23, 27.5 என்ற தாழ்ந்த எல்லைகள் சொல்லப்படுகின்றன. எனவே படுக்க வைத்துத் தொட்டுப் பார்ப்பதை எந்த அளவீட்டையும் விட நான் பெரிதாக மதிக்கிறேன்.

பட்டினி வேண்டாம். கல் உள்ளவர் விரைவாக மெலிவது பித்தப்பைக்கே நல்லதல்ல. நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்கலாம். நிறைக் குறைப்புத் தேவையானால் அதை உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லட்டும். நீங்கள் இருவரும் மறக்காமல் சொல்ல வேண்டியது பழைய வயிற்றுச் சத்திரசிகிச்சைகளை, குறிப்பாக நடுக்கோட்டுத் தழும்பையும் தொப்புள் குடலிறக்கத்தையும். தழும்பின் கீழ் குடல் சுவரோடு ஒட்டியிருந்தால் நிறை எதுவானாலும் நுழையும் இடம் மாற வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, வயிறு ஊதுதல் கண்டாலோ, குடற்காயம் சில நாள் கழித்தும் வெளிப்படக்கூடும் என்பதால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல், இரவானாலும் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.