தராசடியில் தொடங்குங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஹட்டனில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் ஒன்பது சிறுகதைகள் எழுதினேன். வாரப்பத்திரிகைகளுக்கு அனுப்பிய நான்கில் ஒன்றும் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. ‘அரைப்பேர்’ என்ற கதையை இத்துடன் அனுப்புகிறேன். தோட்டத்துச் சொற்கள் வெளியாருக்கு விளங்காது என்று ஒருவர் சொன்னதால் அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதியிருக்கிறேன். அது சரிதானா? அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒன்பது கதைகளையும் புத்தகமாகப் போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

‘அரைப்பேர்’ கதையை மூன்று முறை வாசித்தேன். முதல் இரண்டு பக்கங்களில் கோப்பிக் காலம், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று மலையகத் தமிழர்களாகிய நம்முடைய வரலாறு முழுவதையும் சொல்லிவிட முயன்றிருக்கிறீர்கள். அவ்வளவும் உண்மை. அது உங்கள் நெஞ்சில் எப்படிக் கனக்கிறது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் கதை மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் தொடங்குகிறது. கொழுந்து மடுவத்துத் தராசில் அம்மாவின் நிறை 19 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்குமாக 2 கிலோவைக் கழிக்கிறார்கள். 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்றிருக்கும் அந்தத் தோட்டத்தில் 17 கிலோவோடு நிற்கும் அம்மாவுக்கு அன்று அரைப்பேர் விழுகிறது. இதை நான்கு வரிகளில் கடந்து, ‘இப்படித்தான் எம் மக்கள் காலமெல்லாம் உறிஞ்சப்படுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கழிக்கப்பட்ட 2 கிலோ அதை ஏற்கெனவே சொல்லிவிட்டது.

கதையைத் தராசடியிலேயே தொடங்கி, அங்கேயே சற்று நேரம் நில்லுங்கள். மழை பெய்ததா, இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனத்ததா, வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நின்றவளுக்கு எத்தனை கிலோ, அவள் திரும்பிப் பார்த்தாளா என்றெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கதையில் இல்லை. நிறையை எழுதும் கணக்கப்பிள்ளையைக் கொடுமைக்காரராக மட்டுமே காட்டியிருப்பதும் எனக்குக் குறையாகப் படுகிறது. அவரும் மேலிருந்து வந்த கட்டளைப்படி கழிப்பவர், அவருடைய பிள்ளை உங்களிடமே படிப்பவனாகவும் இருக்கலாம். அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார் என்ற ஒரு வரி, அவரை ஏசும் ஒரு பத்தியைவிட வாசகரை அதிகம் வருத்தும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘அம்மா தேயிலைக் கறை படிந்த விரல்களால் ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள், அரைப்பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.’ கதையிலேயே சிறந்த வாக்கியம் இதுதான். அடுத்து வரும் பத்தி, அம்மா ஏன் பேசவில்லை என்று விளக்குகிறது. ரொட்டியைத் தள்ளிய கைக்கு விளக்கம் எதற்கு, தங்கையே? கதையை அந்தக் கையோடு நிறுத்திவிடுங்கள்.

அடைப்புக்குறிகள் ஒன்றுகூட வேண்டாம். ‘பிரட்டு (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடம்)’ என்று எழுதும்போது, சொந்த வீட்டு வாசலிலேயே நின்று யாரிடமோ அனுமதி கேட்பதைப் போலிருக்கிறது. ‘பிரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா இருட்டிலேயே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கினாள்’ என்று எழுதுங்கள். யாழ்ப்பாணத்து வாசகருக்கும் மதுரை வாசகருக்கும் அது போதும். கவ்வாத்து, இஸ்தோப்பு, காம்பரா எல்லாவற்றையும் இப்படியே செயலுக்குள் வைக்கலாம். அம்மாவின் பேச்சையும் பாருங்கள். ‘நான் இன்று மிகவும் களைப்படைந்துவிட்டேன்’ என்று எந்த லயத்து வீட்டில் எந்தத் தாய் சொல்வாள்? ‘மேலுக்கு முடியல புள்ள’ என்றுதான் சொல்வாள். கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும். அம்மாவின் வாயிலிருந்து அவளுடைய தமிழைப் பறித்துவிடாதீர்கள்.

இனிப் புத்தகம் பற்றி. நம் மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் தினகரனில் வந்த கதை. அந்தப் பெயரில் அவருடைய தொகுப்பு 1980இல்தான் வெளிவந்தது. அறுபதுகளிலேயே எழுதத் தொடங்கிவிட்ட தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பும் 1979இல்தான் வந்தது. அத்தனை ஆண்டுகள் நீங்களும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தத் தாமதத்துக்கு வறுமையும் பதிப்பு வசதியின்மையும்கூடக் காரணங்கள். ஆனாலும் புத்தகம் வராத காலத்திலும் அவர்களுடைய கதைகள் பத்திரிகைகளின் வழியே வாசிக்கப்பட்டும் பேசப்பட்டும் வந்தன. இவ்விருவரையும் தேடி வாசியுங்கள். நம்மவர்களின் பழைய நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாக ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான் அவசரப்பட்டவள். என் முதல் தொகுப்பை நகையை அடகு வைத்து 500 பிரதிகள் அச்சிட்டேன். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெற்றவர்கள் போக மீதி காம்பராவில் கட்டிலுக்கடியில் கிடந்தது. இரண்டு மழைக்காலங்களில் பனியும் ஈரமும் ஏறி அட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது. நகை போனதைவிட என்னை அதிகம் வருத்தியது வேறு: அந்தப் பதினொரு கதைகளில் ஏழு கதைகளை இன்னொரு முறை எழுதியிருக்க வேண்டும் என்பது அச்சில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

இப்போதைக்கு ஒரு கதையை ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பிய தேதியை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். பதில் இல்லையென்றால் இன்னோர் இதழுக்கு அனுப்பப் போவதாகத் தெரிவித்துவிட்டு அனுப்புங்கள். சிற்றிதழ்களையும் போட்டிகளையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் போட்டி விதிகளில் கதையின் உரிமை யாருக்கு என்பதை வாசித்த பிறகே அனுப்புங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமைக்குப் பாதுகாப்பு உண்டு. அதை ஒரு கையொப்பத்தில் தெரியாமல் கொடுத்துவிடக் கூடாது.

கதையைத் திருத்தி எழுதியதும் எனக்கு மீண்டும் அனுப்புங்கள். அதற்கு முன் அம்மாவிடம் ஒன்றைக் கேட்டுவையுங்கள்: 2 கிலோவைக் கழித்த அந்த நேரத்தில் அவர் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, கணக்கப்பிள்ளையின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

அன்புடன்,
அக்கா