காத்து கெட்டா பாசி காட்டிக்குடுக்கும்

கேள்வி: எங்க தெருவுக்குப் பின்னாடியே ரெண்டு ஃபேக்டரி, காத்து மாசு அளக்குற மெஷின் எங்கயோ தூரத்துல இருக்கு. செடிய வச்சே மாசு கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமாவா? எங்க மாடி ரோஜா இலை மஞ்சளாகுறதும் அதனாலதானா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: நிஜம்தாங்க. ஆனா ரோஜாவ நம்பி ஒரு முடிவுக்கு வராதீங்க, தண்ணி கூடினாலும் மஞ்சளாகும், சத்து குறைஞ்சாலும் பூச்சி வந்தாலும் மஞ்சளாகும்.

இதுக்குச் சரியான ஆளு மரப்பட்டையில ஒட்டியிருக்குற பச்சைப் பாசிதான் (இங்கிலீஷ்ல moss). அதுக்கு உறிஞ்சுற வேரே கிடையாது, தண்ணி, சத்து எல்லாம் மழையிலயும் காத்துலயும் வர்றதுதான், அதனால காத்துல கலந்த உலோகமும் உள்ள போய்த் தங்கிடும். அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்ட் நகரத்துல 2013 டிசம்பர்ல வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் ஊர் முழுக்க மரங்கள்ல இருந்து 346 பாசி சாம்பிள் சுரண்டி எடுத்து, காயவச்சு அரைச்சு லேப்ல டெஸ்ட் பண்ணாங்க, ரிசல்ட்டை மேப்ல போட்டா ரெண்டு இடத்துல காட்மியம்ங்கற விஷ உலோகம் எகிறி நிக்குது, ரெண்டு பக்கமும் கலர் கண்ணாடி செய்யற ஃபேக்டரி! கண்ணாடிக்கு மஞ்சள், சிவப்பு நிறம் வர காட்மியம் சேர்ப்பாங்க. அப்புறம் 2015 அக்டோபர்ல ஒரு ஃபேக்டரி பக்கத்துல மெஷின் வச்சு அளந்தா, காத்துல காட்மியம் அந்த மாநிலம் பாதுகாப்புக்குன்னு வச்சிருந்த அளவைப் போல 49 மடங்கு. 2016-ல விஷயம் வெளிய வந்ததும்தான் காட்மியம் போடுறத நிறுத்தினாங்க. அக்கம்பக்கத்துல குழந்தைங்க இருக்குற வீடுங்க, அதுவரைக்கும் யாருக்கும் தெரியலங்கறது எனக்கு இன்னும் ஆறல.

பிரியாணிக்குப் போடுற கல்பாசியோட சொந்தக்காரங்களும் (லைக்கன்னு சொல்வாங்க) இப்படித்தான். அதுங்க செடியே இல்ல, பூஞ்சையும் ஆல்காவும் (தண்ணியில பச்சையா படியுற வகை, மேல சொன்ன மரத்துப் பாசி இல்ல) சேர்ந்து வாழறது, கந்தகப் புகை பட்டா பல வகை செத்துடும். 1866-லயே நைலாண்டர்ங்கற தாவரவியலாளர் பாரீஸ்ல லக்சம்பர்க் தோட்டத்துல இதுங்க இருக்கு, நகரத்துல மத்த இடத்துல இல்லன்னு பாத்து, இத வச்சே காத்தோட தரத்தைச் சொல்லலாம்னு எழுதிட்டார்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, எந்த இடத்துல பிரச்னைன்னு பாசி காட்டும், நாம மூச்சுல எவ்ளோ இழுக்கறோம்னு மெஷின்தான் சொல்லணும். பக்கத்துல காலேஜ்ல தாவரவியல் துறை இருந்தா உங்க தெரு மரத்துப் பாசிய டெஸ்ட் பண்ண முடியுமான்னு கேளுங்க, ரிசல்ட் வந்தா அதையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு குடுத்து, உங்க தெருவுலயே ஒரு மெஷின் வச்சு அளக்கச் சொல்லுங்க.