அம்மாவை தாராவி டூருக்குக் கூட்டிப்போகலாமா?

அம்மாவுக்கு முழங்கால் வலி, மும்பையின் பெரிய குடிசைப் பகுதியான தாராவியை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் டூருக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கும்பலோடு வேண்டாம், உங்களுக்கு மட்டும் தனியாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

மாஹிம் பக்கம் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து அரைக்கிற 13-ஆம் காம்பவுண்டை அவருக்காகத் தவிர்த்துவிடலாம். மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணிதான். பின்னால் உள்ள சந்துகளில் தலைக்கு மேல் வயர், காலடியில் ஆடுகிற சாக்கடைப் பலகை.

கும்பர்வாடாவில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள். வீட்டு வாசலிலேயே சூளை, பக்கத்தில் வெயிலில் காயும் அகல் விளக்குகள். புகை கண்ணைக் கரிக்கும், ஆஸ்துமா இருந்தால் யோசியுங்கள்.

அப்புறம் 90 அடி சாலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் இன்றும் தாராவியில் இருக்கிறார்கள். இங்கே வழிகாட்டியே தேவைப்படாது, அம்மாவே தமிழ்க் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்.

பெரும்பாலான டூர்களில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள். நியாயம்தான், அது மக்கள் குடியிருக்கிற வீடு. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் தள்ளிப்போடுங்கள்.