நட்பு நாடுகளின் ஆதரவால் அமைதி வருமா? பூகன்வில்லில் வந்தது

பிளவுபட்ட ஒரு பகுதியில் அமைதி வர, நட்பு நாடுகள் தூதரக அளவில் கொடுக்கும் ஆதரவு உண்மையிலேயே உதவுமா, இல்லை எல்லாம் அறிக்கையோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் அந்த நாடுகளில் யார் முன்னால் நிற்கிறார்கள், யார் பின்னால் நிற்கச் சம்மதிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது பூகன்வில்.

பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பப்புவா நியூ கினியின் கிழக்குக் கோடியில், சாலமன் தீவுகளை ஒட்டி இருக்கும் தீவு. அங்கே பங்குனா என்ற இடத்தில் பிரம்மாண்டமான ஒரு செம்புச் சுரங்கம். செம்பின் வருமானத்தில் பெரும்பகுதி தலைநகருக்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் போனது, கழிவு ஆற்றில் போனது, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கைக்கு வந்தது சொற்பம். 1988-இல் அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவரான பிரான்சிஸ் ஓனாவின் ஆட்கள் சுரங்கத்துக்கு வெடிவைக்க ஆரம்பித்தார்கள், அடுத்த ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது, 1990-இல் அரசாங்கம் தீவைச் சுற்றி முற்றுகை போட்டது. மருந்து இல்லாமல் செத்தவர்களே ஏராளம். போகப் போக பூகன்வில்காரர்களே புரட்சிப் படை ஒரு பக்கம், அரசாங்கத்தோடு நின்ற எதிர்ப்புப் படை இன்னொரு பக்கம் என்று பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இது நடந்தது.

இங்கே ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1975 வரை பப்புவா நியூ கினியை ஆண்டவர்கள் அவர்கள். அதன் பிறகும் பணம், பயிற்சி எல்லாம் அங்கிருந்துதான். தாக்குதலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர்கள் கொடுத்த ஹெலிகாப்டர்களிலிருந்தே பூகன்வில் மக்களைச் சுட்டார்கள். அப்படியிருக்க, அதே ஆஸ்திரேலியா வந்து “சமாதானமாகப் போங்கள்” என்றால் யார் கேட்பார்கள்? 1995-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரில் பேச்சு நடந்தது. பேசிவிட்டு ஊர் திரும்பிய புரட்சிப் படைப் பிரதிநிதிகளை வழியிலேயே அரசுப் படை தாக்கியது. அதோடு அந்த முயற்சி போயிற்று.

1997 தொடக்கத்தில் பப்புவா நியூ கினிப் பிரதமர் ஜூலியஸ் சான், புரட்சிப் படையை அடக்க சாண்ட்லைன் என்ற கூலிப்படையை வரவழைத்தார். அவருடைய இராணுவத் தளபதி ஜெரி சிங்கிரோக்கே அதை எதிர்த்து நின்றார், சான் பதவி விலகி ஒதுங்க வேண்டியதாயிற்று. எல்லோரும் களைத்துப்போயிருந்த அந்த நேரத்தில்தான் நியூசிலாந்து உள்ளே வந்தது.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். பூகன்வில்லின் எல்லாத் தரப்புத் தலைவர்களையும் விமானத்தில் ஏற்றி, கிறைஸ்ட்சர்ச் அருகே பர்ன்ஹாம் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜூலை மாதம், அங்கே கடுங்குளிர் காலம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறைப்படி வரவேற்றார்கள். அப்புறம் அறையை விட்டு வெளியே போய்விட்டார்கள்! முதலில் நீங்கள் உங்களுக்குள் பேசுங்கள், அரசாங்கத்தோடு பேசுவதெல்லாம் பிறகு என்று விட்டுவிட்டார்கள். நான் இதைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் தொட்டது இந்த இடம்தான். சமரசம் செய்ய வருகிற நாடு வாயை மூடிக்கொண்டு வெளியே காத்திருப்பது லேசான காரியம் இல்லை.

அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. அதைக் கண்காணிக்க நியூசிலாந்து தலைமையில் ஆஸ்திரேலியா, ஃபிஜி, வனுவாட்டு நாட்டவர்கள் சேர்ந்த குழு போனது, ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லாமல். தீவு முழுக்க ஆயுதம் புழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, சிலர் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராக நடந்தார்கள். வனுவாட்டுக்காரர்களின் பிஸ்லாமா மொழியும் பூகன்வில்லில் பேசும் தோக் பிசினும் கிட்டத்தட்ட அக்கா தங்கை மாதிரி, அதனால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே உட்கார்ந்து பேச முடிந்தது. பூகன்வில்லின் பெரும்பாலான இடங்களில் நிலம் தாய் வழியில் வருவது. பெண்களைக் கேட்காமல் அங்கே எதுவும் நிலைக்காது. குழுவில் இருந்த பெண் கண்காணிப்பாளர்கள் அந்தத் தாய்மார்களிடம் போய்ப் பேசினார்கள்.

செலவிலும் போக்குவரத்திலும் பெரும் பாரத்தைச் சுமந்தது ஆஸ்திரேலியாதான். ஆனாலும் ஆரம்பத்தில் தலைமையை நியூசிலாந்திடம் விட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், ஓரளவு நம்பிக்கை வந்த பிறகே, கண்காணிப்புக் குழுவின் தலைமை அவர்களிடம் போனது. ஐநா ஒரு சின்ன அலுவலகத்தோடு கூட இருந்தது. பிறகு, சுதந்திரம் பற்றிய பொதுவாக்கெடுப்பு நடத்தலாமா என்பதில் இரு தரப்பும் முட்டிக்கொண்டு நின்றபோது, வாக்கெடுப்பைத் தள்ளி நடத்துங்கள், அதன் முடிவு அரசாங்கத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்ற சமரசத்துக்கு வழி காட்டியவர் ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர். 2001 ஆகஸ்ட் 30 அன்று அராவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சரி, எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 2019-இல் வாக்கெடுப்பு நடந்தது. சுதந்திரத்துக்கு 1,76,928 வாக்குகள், கூடுதல் தன்னாட்சிக்கு வெறும் 3,043. இத்தனைக்குப் பிறகும் பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காக இழுபறி. மக்கள் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தச் சட்டப்படி கட்டுப்படுத்தாத சமரசத்தின் விலை இது. ஆனால் இத்தனை இழுபறியிலும் யாரும் பழையபடி போருக்குத் திரும்பவில்லை.

2024-இல் இரு தரப்புக்கும் நடுவராக நியமிக்கப்பட்டவர் நியூசிலாந்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் ஜெரி மாதேபாரே. அந்த ஆயுதமில்லாத கண்காணிப்புக் குழுவில் அன்று தலைமைப் பொறுப்பில் இருந்த மாவோரி அதிகாரி அவர். 2025-இல் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச அவர் கூட்டிப்போனது அதே பர்ன்ஹாமுக்கு.